எடை குறைக்கும் பாடம்: பஞ்சத்து ராத்தல் அரிசியிலிருந்து இணைய வகுப்பு வரை

"தாவர உணவுக்கு மாறுங்கள், உடம்பு தானாக இளைக்கும்" என்று இன்று இணையத்தில் வகுப்பு எடுக்கிறார்கள். இருபத்தொரு நாள், ஆறு வாரம், மூன்று மாதம் என்று விதவிதமான கணக்குகள். செல்போன் திரையில் ஒரு டாக்டரோ உணவியல் நிபுணரோ தோன்றி எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது என்று சொல்கிறார். எதிர்ப்பக்கம் ஐம்பது நூறு பேர் குறிப்பெடுக்கிறார்கள்.

இந்த வாசகத்தை அச்சரப்பாக்கம் கடைத்தெருவில் நின்று ஒரு பெரியவரிடம் சொன்னால் அவர் சிரித்துவிடுவார். காலையில் இட்லி, மதியம் சோறும் சாம்பாரும் ரசமும், இரவு தோசை அல்லது மிச்சச் சோறு. கவிச்சி என்பது ஞாயிற்றுக்கிழமை சமாச்சாரம். கார்த்திகை, புரட்டாசி என்றால் அதுவும் இல்லை. தட்டில் இருப்பதில் பெரும்பகுதி ஏற்கெனவே தாவரம்தான். அப்படியானால் இங்கே யாருக்கும் தொப்பை இருக்கக்கூடாது, சர்க்கரை வியாதியும் வந்திருக்கக்கூடாது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை கொண்டவர்கள். ஆண்களில் 37 சதவீதம். அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் பெண்கள் 30.9, ஆண்கள் 28.2 சதவீதமாக இருந்தார்கள். ஐந்தாறு வருடத்தில் இவ்வளவு ஏற்றம்!

தாவர உணவு எப்போது இளைக்க வைத்தது, எப்போது பெருக்க வைத்தது? இதற்குப் பதில் தேடினால் ஒன்றரை நூற்றாண்டு பின்னால் போக வேண்டியிருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தைச் சுற்றியே அந்த வரலாற்றின் பெரும்பகுதியைச் சொல்லிவிடலாம் என்பது இதில் உள்ள விசேஷம்.

முதலில் தாவர உணவு கட்டாயமாக, அளந்து கொடுக்கப்பட்ட காலத்தைப் பார்ப்போம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பஞ்சத்தை நம் பாட்டிமார்கள் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். நிவாரண வேலைக்கு வந்த கூலியாட்களுக்கு எவ்வளவு உணவு கொடுப்பது என்ற கேள்வி வந்தது. வைஸ்ராய் லிட்டன் பிரபு, செலவைக் கட்டுப்படுத்த சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரை 1877 ஜனவரியில் அனுப்பி வைத்தார். டெம்பிள் வந்து போட்ட கணக்கு: ஒரு ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூடவே ஒரு அணா. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. இதற்குச் சரித்திரத்தில் "டெம்பிள் கூலி" என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இதை எதிர்த்து நின்றவர் இன்னொரு வெள்ளைக்காரர்: சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். மண் வெட்டுகிற மனிதனுக்கு ஒன்றரை ராத்தல் தானியமாவது வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும், வெறும் தானியம் மட்டும் தந்தால் உடம்பு கரைந்துபோகும் என்பது அவருடைய வாதம். தானியத்தின் அளவு மட்டும் போதாது, அதோடு என்ன சேர்கிறது என்பதும் முக்கியம் என்று 1877-லேயே ஒருவர் அரசாங்கத்தோடு சண்டை போட்டிருக்கிறார். 1877 மார்ச்சில் மாகாண அரசு பாதி இறங்கி வந்தது. தானியம் 570 கிராமாக உயர்ந்தது, கூடவே 43 கிராம் அளவுக்குப் பருப்புச் சத்து சேர்க்கப்பட்டது. அந்தப் பஞ்சத்தில் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் இறந்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு. மாமல்லபுரம் பக்கமாக மரக்காணம் வரை போகிற பக்கிங்காம் கால்வாயைப் பலர் பார்த்திருப்பார்கள். அதில் அடையாறையும் கூவத்தையும் இணைக்கும் துண்டு இந்தப் பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான்.

ஆக, தாவர உணவால் எடை குறைந்தது உண்மை. ஆனால் அதற்குப் பெயர் டயட் இல்லை, பட்டினி.

அடுத்த காட்சி குன்னூரில். 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர், குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் கிடைத்த இடத்தில் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். பெரிபெரி என்பது பி1 வைட்டமின் குறைவால் வரும் நோய். அரிசியை மில்லில் போட்டுத் தவிட்டை முழுக்க நீக்கிவிட்டால் அந்த வைட்டமினும் தவிட்டோடு போய்விடும். (புழுங்கலரிசிக்கு இந்த ஆபத்து குறைவு. நெல்லை அவிக்கும்போது சத்து உள்ளே இறங்கிவிடுகிறது. இதைக் கண்டுபிடித்த நம் பாட்டிகள் எந்தப் பத்திரிகையிலும் கட்டுரை எழுதவில்லை!)

மெக்காரிசன் பின்னர் செய்த ஒரு சோதனை உலகப் புகழ் பெற்றது. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடும் உணவை அப்படியே சமைத்து எலிகளுக்குக் கொடுத்தார். சீக்கியர் உணவு, பட்டாணியர் உணவு, மராட்டியர் உணவு, வங்காளிகள் உணவு, மதராஸி உணவு என்று தனித்தனிக் கூண்டுகள். முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்று சாப்பிட்ட சீக்கியக் கூண்டு எலிகள் நன்றாக வளர்ந்தன. பட்டியலின் கடைசியில் வந்தவை, எடை மிகக் குறைந்தவை, நம் மதராஸி எலிகள். தட்டு நிறைய அரிசி, பக்கத்தில் கொஞ்சமாக மற்றவை என்ற உணவுக்குக் கிடைத்த மதிப்பெண் அது. எலிக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இருந்தாலும் இந்தியாவில் உணவை அளந்து பார்க்கும் அறிவியல் அங்கேதான் வேர்விட்டது. 1935-ல் குன்னூர் ஆய்வகத்துக்குத் தலைவராக வந்த அய்க்ராய்ட், எந்த இந்திய உணவில் என்ன சத்து எவ்வளவு என்ற அட்டவணைகளை வெளியிட்டார். அந்த ஆய்வகம் 1950-களின் கடைசியில் ஐதராபாத்துக்கு இடம் மாறி, 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. இன்று செல்போன் செயலியில் "ஒரு இட்லி இத்தனை கலோரி" என்று பார்க்கிறவர்கள் அந்த அட்டவணைகளின் பேரப்பிள்ளைகளைத்தான் பார்க்கிறார்கள்.

அந்தக் காலத்துக் கவலை முழுக்க ஒல்லியைப் பற்றியது. 1956-ல் காமராஜர் கொண்டுவந்த மதிய உணவும் சரி, 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் சரி, இடையில் 1980-ல் உலக வங்கி உதவியோடு ஆரம்பித்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமும் சரி, எல்லாமே எடையை ஏற்றுவதற்காக வந்தவை. அந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் மாதந்தோறும் குழந்தைகளைத் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்து அட்டையில் குறிப்பார்கள். கோடு மேலே ஏறினால் சந்தோஷம். கோடு கீழே இறங்கினால் சந்தோஷம் என்ற காலம் இன்னும் வரவில்லை.

அது எப்படி வந்தது? பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. அரிசி கிடைக்க ஆரம்பித்தது, உழைப்பு குறைய ஆரம்பித்தது. 1964 முதல் 1967 வரை மத்திய உணவு, வேளாண் அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் பசுமைப் புரட்சிக்கு வழி திறந்தார். மதுராந்தகம் ஏரிப் பாசனத்திலும் மற்ற ஏரிகளின் ஆயக்கட்டிலும் புதிய நெல் ரகங்கள் வந்தன. ஊருக்கு ஊர் ரைஸ் மில் வந்தது, உரலும் உலக்கையும் மூலைக்குப் போயின. கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும் அன்றாட உணவு என்ற நிலையிலிருந்து ஆடி மாதத்துக் கோயில் பிரசாதம் என்ற நிலைக்கு இறங்கின. ரேஷன் அரிசி 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011 ஜூனிலிருந்து இலவசம். பசி போனது; அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் நாற்று நட்டவர்களின் பிள்ளைகள் ஜி.எஸ்.டி. சாலையோரத் தொழிற்சாலைகளுக்கு பஸ்ஸில் போய் உட்கார்ந்து வேலை செய்துவிட்டு வந்து, நாற்று நட்டவர்கள் சாப்பிட்ட அளவு சோற்றையே சாப்பிட்டார்கள். சோறு அதேதான். அதை எரிக்கும் வேலைதான் காணாமல் போயிருந்தது.

இங்கேதான் சூனாம்பேடு வருகிறது. அச்சரப்பாக்கத்திலிருந்து தென்கிழக்கே, கடல் இருக்கும் திசையில் போனால் வரும் ஊர். அப்போது காஞ்சிபுரம் மாவட்டம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது அதற்குள் வந்தது. 2006-ல் சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. மோகனின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இங்கே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பெயர் சூனாம்பேடு கிராமப்புற நீரிழிவுத் தடுப்புத் திட்டம். உலக நீரிழிவு அறக்கட்டளை பணம் தந்தது. இஸ்ரோ செயற்கைக்கோள் இணைப்பு தந்தது. உள்ளூரில் துணை நின்றது தேசிய வேளாண் அறக்கட்டளை. அதை 2000-ம் ஆண்டு நிறுவியவர் யார் தெரியுமா? அதே சி. சுப்பிரமணியம்! நாட்டுக்கு வயிறு நிறைய வழி செய்தவரின் அறக்கட்டளை, வயிறு நிறைந்த பிறகு வந்த வியாதிக்கும் தோள் கொடுத்தது.

திட்டத்தின் நடுநாயகம் ஒரு வண்டி. கண்ணின் விழித்திரையைப் படம் எடுக்கும் கேமரா, கால் நரம்பு உணர்ச்சியையும் ரத்த ஓட்டத்தையும் பார்க்கும் கருவிகள், இ.சி.ஜி. எல்லாம் உள்ளே. கூரையில் செயற்கைக்கோள் ஆண்டெனா. ஊருக்குள் சரியாக செல்போன் கோபுரம்கூட இல்லாத காலத்தில், கிராமத்துத் தெருவில் நின்ற வண்டியிலிருந்து படம் வானத்துக்குப் போய்ச் சென்னையில் இறங்கியது. அங்கே கண் மருத்துவர் திரையில் பார்த்துச் சொன்னார். வீடு வீடாகப் போய் விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள். அதோடு நோயைப் பற்றியும் வாழ்க்கை முறையைப் பற்றியும் கிராமங்களில் விளக்கக் கூட்டங்கள் நடந்தன. இன்றைய ஜூம் வகுப்புக்கு இந்த வட்டாரத்தில் ஒரு தாத்தா உண்டென்றால் அது இந்த வண்டிதான்.

2012-ல் வெளியான அறிக்கையின்படி, 42 கிராமங்களில் 23,449 பெரியவர்கள் பரிசோதிக்கப்பட்டார்கள். பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அரசாங்கத் தேர்தலுக்கே பல இடங்களில் இந்த அளவு கூட்டம் வருவதில்லை. அதில் 1,138 பேருக்குச் சர்க்கரை வியாதி. 3,410 பேர் அதன் வாசலில் நின்றார்கள். ஓராண்டில் நோயாளிகளின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 9.3-லிருந்து 8.5 சதவீதமாக இறங்கியது. மேல் சிகிச்சைக்குச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. பஸ் கட்டணம், ஒரு நாள் கூலி இழப்பு, துணைக்கு ஒரு ஆள் என்று கணக்குப் போடும் குடும்பத்துக்கு இந்தக் கடைசி எண்தான் பெரிய எண்.

இந்த இறக்கம் மாத்திரை மருந்தும் சேர்ந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். உணவுப் பாடம் மட்டும் எவ்வளவு வேலை செய்யும் என்பதை அறிய வேறு ஆய்வுகளைப் பார்க்க வேண்டும். அதிலும் சென்னை ஒரு விசித்திரமான பதிலை வைத்திருக்கிறது.

2002-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு முடிவு வந்தது. சர்க்கரை வியாதியின் வாசலில் நின்ற 3,234 பேரில், உணவும் உடற்பயிற்சியும் கற்றுத்தரப்பட்ட பிரிவில் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. அவர்களுக்குக் கொடுத்த இலக்கு உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது. இதே மாதிரி ஒன்றைச் சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு 531 பேரிடம் செய்து 2006-ல் வெளியிட்டது. மூன்று வருடத்தில், எதுவும் கற்றுத்தரப்படாத பிரிவில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவும் நடையும் கற்றவர்களில் 39.3 சதவீதம். நல்ல பலன்தான். ஆனால் கற்றவர்களின் எடை குறையவில்லை! எடை அப்படியே இருக்க, நோய் மட்டும் குறைந்தது.

ஒருமுறை நடந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். அதே ராமச்சந்திரன் குழு பிறகு செல்போனில் இறங்கியது. வேலைக்குப் போகும் 537 ஆண்களில் ஒரு பாதிக்கு அடிக்கடி எஸ்.எம்.எஸ். அனுப்பினார்கள்: என்ன சாப்பிடலாம், எப்படி நடக்கலாம் என்ற ரகம். 2013-ல் வந்த முடிவில், இரண்டு வருடத்தில் எஸ்.எம்.எஸ். பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் நோய் வந்திருந்தது. ஸ்மார்ட்போன் இல்லை, வீடியோ இல்லை, குறுஞ்செய்தி மட்டும்! இதிலும் எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

இது ஏன் என்று புரிய ஒரு புகைப்படம் உதவும். 2004-ல் லான்செட் இதழில் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் உயரத்துக்கும் எடைக்குமான விகிதம் ஒன்றே: 22.3. ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பு, யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்புக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் கிடையாது. தராசு இரண்டு பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கும். எடையை மட்டும் பார்த்து "எனக்கு ஒன்றும் இல்லை" என்று போவதும் தவறு, எடை இறங்கவில்லை என்று நல்ல பழக்கத்தை மூன்றாம் வாரமே கைவிடுவதும் தவறு. எடைக் குறைப்பு வகுப்புகளை நடத்துபவர்கள் இந்த இரண்டாவது விஷயத்தைச் சொல்வதே இல்லை. விளம்பரத்துக்கு உதவாதே!

சரி, அப்படியானால் தாவர உணவால் எடை குறைகிறது என்பது பொய்யா? பொய் இல்லை. இதில் ஒரு வேடிக்கையான அத்தியாயம் அமெரிக்காவில் நடந்தது. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து 1934-ல் தப்பி வந்த வால்டர் கெம்ப்னர் என்ற மருத்துவர், டியூக் பல்கலைக்கழகத்தில் சிறுநீரக நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் ஒரு பத்திய உணவைக் கொடுத்தார். என்ன உணவு? அரிசிச் சோறும் பழங்களும்! உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, கறி இல்லை. பின்னாளில் இது எடை குறைப்புக்குப் பிரபலமாகி, பணக்கார அமெரிக்கர்கள் டர்ஹம் நகரத்தில் மாதக்கணக்கில் தங்கிச் சோறு சாப்பிட்டு இளைத்தார்கள். 1975-ல் கெம்ப்னர் வெளியிட்ட கட்டுரையில் 106 பேர், ஒவ்வொருவரும் 45 கிலோவுக்குக் குறையாமல் இழந்தவர்கள். அச்சரப்பாக்கத்தில் தொப்பை தந்த அரிசி அமெரிக்காவில் தொப்பையைக் கரைத்ததா? அரிசியின் மாயம் எதுவும் இல்லை. உப்பும் எண்ணெயும் இல்லாத சோற்றை யாராலும் அதிகம் சாப்பிட முடியாது. கெம்ப்னரின் கண்காணிப்பும் கடுமை. இரண்டு கரண்டி நெய், அப்பளம், வற்றல் குழம்போடு உட்கார்ந்திருந்தால் அந்த 106 பேரில் எத்தனை பேர் தேறியிருப்பார்கள்!

2006-ல் அமெரிக்க மருத்துவர் நீல் பார்னார்டு செய்த ஆய்வு இன்னும் முறையானது. சர்க்கரை நோயாளிகள் 99 பேரில் ஒரு பிரிவுக்கு எண்ணெய் குறைந்த முழுத் தாவர உணவு, பாலும் கிடையாது. மற்ற பிரிவுக்கு வழக்கமான நீரிழிவு உணவு. 22 வாரத்தில் முதல் பிரிவு சராசரியாக 6.5 கிலோவும் இரண்டாம் பிரிவு 3.1 கிலோவும் இழந்தது. இரண்டு பிரிவுக்கும் வாராவாரம் வகுப்பு இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். உணவு மட்டும் வேலை செய்யவில்லை. கூடி உட்கார்ந்து பேசுவதும் வேலை செய்தது.

இந்த வழியை இந்தியாவுக்குப் பெரிய அளவில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஹோமியோபதி மருத்துவர் நந்திதா ஷா. 2005-ல் ஷரண் என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர் வாழ்ந்தது அச்சரப்பாக்கத்துக்குத் தெற்கே, திண்டிவனம் தாண்டிப் போனால் வரும் ஆரோவில்லில். 2016-ம் ஆண்டுக்கான நாரி சக்தி விருது பெற்றவர். ஷரணின் பாடத்தில் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை. அதோடு நிறுத்தினால் அது பாதிப் பாடம்தான். பட்டை தீட்டிய அரிசி, மைதா, வெள்ளைச் சர்க்கரை, பிரித்தெடுத்த எண்ணெய் ஆகியவையும் இல்லை. தானியம் முழுசாக, காய் நிறைய, பயறு தாராளமாக. முதலில் நேரில் தங்கிப் பயிலும் முகாம்களாக நடந்தவை, 2020-ல் கொரோனா ஊரடங்கு எல்லோரையும் வீட்டுக்குள் அடைத்த காலத்தில் திரைக்கு வந்தன. அந்த வருடம் ஷரண் மட்டும் அல்ல, உணவு பற்றிப் பேசும் எல்லோரும் ஆன்லைனுக்கு வந்தார்கள்.

இதற்கு நேர் எதிர்த்துருவமும் தமிழில் வளர்ந்தது. 2010-களின் நடுவில் நியாண்டர் செல்வன் எழுத்துகள் மூலமாக பேலியோ உணவுமுறை இணையம் வழியே பரவியது. முட்டை, இறைச்சி, நெய் எல்லாம் உண்டு, தானியத்துக்குத்தான் தடை. அதிலும் பல பேர் எடை குறைத்தார்கள். ஒருவர் கறியை நிறுத்தச் சொல்கிறார், இன்னொருவர் கறியைச் சாப்பிடச் சொல்கிறார், இரண்டு வகுப்பிலும் மாணவர்கள் இளைக்கிறார்கள்! இரண்டு பக்கத்தாரும் ஒருவரை ஒருவர் திட்டுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, இரண்டு தட்டிலும் எது இல்லை என்று பார்த்தால் விடை தெரியும். வெள்ளைச் சோற்று மலையும் சர்க்கரையும் இரண்டிலுமே இல்லை.

சென்னையில் 2001-ல் தொடங்கிய நகர்ப்புற, கிராமப்புற ஆய்வு 26,001 பேரிடம் நடந்தது. அதிலிருந்து கிடைத்த கணக்கின்படி, சென்னைவாசிகள் பெறும் கலோரியில் 46.9 சதவீதம் தீட்டிய தானியத்திலிருந்து வந்தது. பெரும்பங்கு வெள்ளை அரிசி. அசைவம் சாப்பிடுகிறவர் தட்டிலும் பாதி அரிசிதான் என்பதே இதன் பொருள். 2014-ல் அதே மோகன் குழு, எடை மிகுந்த சிலருக்கு வெள்ளை அரிசி, தவிடு நீக்காத அரிசி, தவிடு நீக்காத அரிசியோடு பயறு என்று மாற்றி மாற்றிக் கொடுத்து 24 மணி நேர ரத்தச் சர்க்கரையைப் பார்த்தது. வெள்ளை அரிசியோடு ஒப்பிட்டால் தவிட்டரிசியில் சர்க்கரை ஏற்றம் 19.8 சதவீதம் குறைவு, பயறு சேர்ந்தால் 22.9 சதவீதம் குறைவு. 15 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். ஆனாலும் 1877-ல் கார்னிஷ் கேட்ட பருப்பு இங்கே மறுபடி வந்து நிற்பதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 2022-ல் 18,090 பேரின் உணவுக் கணக்கை வைத்து வந்த இன்னொரு இந்திய ஆய்வும் அதையே பெரிதாகச் சொன்னது: மாவுச்சத்தைக் கலோரியில் 50 முதல் 55 சதவீதத்துக்குக் குறைத்து, புரதத்தை 20 சதவீதம் அளவுக்கு ஏற்றினால் நீரிழிவிலிருந்து மீளவும் வராமல் தடுக்கவும் வாய்ப்பு அதிகம். அந்தப் புரதத்துக்குத் தாவரமே போதும், கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் போதும். ஆனால் விலை வேறு. ரேஷனில் அரிசி இலவசம், பயறு இலவசம் இல்லை.

இணைய வகுப்பின் சிக்கலும் இங்கேதான். தவிடு நீக்காத அரிசி, குயினோவா, பாதாம் பால் என்று பட்டியல் நீளும்போது, நூறு நாள் வேலைக்குப் போகும் பெண் திரையை அணைத்துவிடுவார். அவருக்கு வேண்டிய பாடம் வேறு மாதிரி: சோற்றைப் பாதியாக்கு, பொரியலை இரட்டிப்பாக்கு, முருங்கைக்கீரையைக் கொல்லையிலிருந்து பறி, வாரத்தில் மூன்று நாள் கேழ்வரகுக்குத் திரும்பு, காராமணியை ஊறவை. இதைச் சொல்ல இருபத்தொரு நாள் வகுப்பு தேவையில்லை. ஆனால் திரும்பத் திரும்பச் சொல்ல ஒருவர் தேவை. எஸ்.எம்.எஸ். ஆய்வின் வெற்றி அந்தத் திரும்பத் திரும்பவில்தான் இருந்தது.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. சூனாம்பேட்டில் உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு வீடாகப் போனதன் பெரிய வடிவம் அது என்றும் சொல்லலாம். மாத்திரை கொண்டுவரும் அதே பெண், அடுப்படியை எட்டிப் பார்த்து "என்னக்கா, இன்னிக்கும் வெறும் சோறும் ரசமும்தானா?" என்று கேட்க ஐந்து நிமிடம் கிடைத்தால், அதைவிட நல்ல உணவு வகுப்பு எந்தத் திரையிலும் நடக்காது. அவர் கேட்கும் வீட்டில் ஒரே பானையிலிருந்து சாப்பிடும் இரண்டு பேர் இருக்கலாம். ஒருவர் எடை மிகுந்தவர், இன்னொருவர் எலும்பும் தோலும். முதலில் சொன்ன அதே 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 12.6 சதவீதம் பேர் இன்னமும் தேவையான எடைக்குக் கீழே இருந்தார்கள்.